தாம்பூலத் தட்டும் நாலு நிமிஷமும்

நிம்மதியாக இருக்கிறவர்கள் யாரும் விமானக் கம்பெனிக்கு ஃபோன் செய்வதில்லை. பெட்டி வரவில்லை, டிக்கெட்டில் பெயர் மாறிவிட்டது, கேட்டை மூடப்போகிறார்கள் என்று ஏதாவது நடந்தால்தான் எங்கள் நம்பரைத் தேடுவார்கள். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஃபோன்களை எடுப்பது ஆறு வருடமாக என் பிழைப்பு. இதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக் குப்பை கொட்டுகிற அத்தனை பேருக்கும்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியாது.

உரக்கடை மாடி

நான் சேர்ந்தபோது கம்பெனிக்கு நாலே நாலு விமானம். எங்கள் ஆபீஸ் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பன்னிரண்டு பேர், ஒரே ஒரு ஃபேன், கீழேயிருந்து ஏறி வருகிற யூரியா நெடி. முதலாளி மாதம் ஒருமுறை வருவார். எங்களோடு தரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவார். குறை இருந்தால் சாம்பார் ஊற்றும்போதே சொல்லிவிடுவோம், ரசம் வருவதற்குள் அவர் ஒரு முடிவு சொல்லிவிடுவார்.

எங்களில் மூத்தவர் ஜமீலா அக்கா. கூத்தாநல்லூர்க்காரர். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்து முதுகெலும்பு கெட்டு வீட்டோடு வந்துவிட்டார், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. எங்களுக்கு ஃபோன் செய்கிறவர்களில் பாதிப்பேர் வளைகுடாவுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள். பயந்துபோய் பேசுகிறவரை எப்படி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதுபோல் பேசுவது என்று அக்காவுக்குத் தெரியும். ஒருநாள் நான் எடுத்த ஃபோனில் ஒருவர் என் வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தக் கூத்தாநல்லூர் அக்கா இருக்காங்களா? அவங்க சொன்னாத்தான் நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவேன்."

நாலு நிமிஷம்

விமானங்கள் பெருகின. உரக்கடை மாடி போய், பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கட்டடம் வந்தது. நூற்றைம்பது பேர் ஆனோம். முதலாளி வருவது நின்று, அவருடைய வீடியோ வர ஆரம்பித்தது. சென்னையிலிருந்து மேலாளராக விக்ரம் வந்தார். "சார்னு கூப்பிடாதீங்க, விக்ரம்னு கூப்பிடுங்க, நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்றார். வாய் வரவில்லை. விக்ரம் சார் என்றே கூப்பிட்டோம்.

அவர் வந்த மாதத்தில் எங்கள் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் முளைத்தது. ஒரு ஃபோனுக்கு நாலு நிமிஷம். மூன்று வரை பச்சை, நாலு வரை மஞ்சள், அப்புறம் சிவப்பு. வாரத்தில் ஐந்து சிவப்பு வந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும். விளக்கம் எழுதி எழுதி அலுத்துப்போன நாங்கள் சங்கம் ஆரம்பித்தோம். செயலாளர் பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நான் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியிருக்க வேண்டும், என்னையே போட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பெரியவர். சிங்கப்பூரில் இருக்கிற மகளைப் பார்க்கப் போகிறவர். டிக்கெட் நம்பர் கேட்டேன். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கிடைத்ததும் காகிதத்தைத் தேடினார். நான் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் சொல்லுங்கய்யா, சீக்கிரம்" என்று மூன்று முறை விரட்டிவிட்டேன்.

"ஏம்மா, ஆத்துல தண்ணி நின்னுபோவுதுன்னு தெரிஞ்சு நட்டப்பகூட நான் இவ்வளவு அவசரப்பட்டதில்லையே!"

நாற்பத்தொரு நிமிஷம்

ஒரு மத்தியான நேரம் சவுதியில் தம்மாம் விமான நிலையத்திலிருந்து ஜமீலா அக்காவுக்கு ஒரு ஃபோன் வந்தது. கீழ்வேளூர்ப் பக்கத்துப் பையன், கட்டட வேலை. காலையில் அப்பா இறந்துவிட்டார். அடுத்த விமானத்தில் ஏறினால்தான் முகம் பார்க்க முடியும். கேட்டை மாற்றிவிட்டார்கள், அவனுக்குப் பலகை படிக்கத் தெரியவில்லை, பேச்சுக்கு நடுவே அழுகிறான். அக்கா அவனை இடது பக்கம் திரும்பச் சொன்னார், படி இறங்கச் சொன்னார், யூனிஃபார்ம் போட்ட யாரையாவது பார்த்து ஃபோனைக் கொடுக்கச் சொன்னார். திரை சிவந்தது. எச்சரிக்கை வர வர அக்கா தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். பாதியில் லைன் அறுந்தபோது, தன் சொந்த மொபைலை எடுத்து அவனைக் கூப்பிட்டார். மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம்.

மறுநாள் அக்காவுக்குத் தற்காலிகப் பணிநீக்கக் கடிதம். நேரத்தை மீறியது ஒரு குற்றம், வாடிக்கையாளரைச் சொந்த ஃபோனில் அழைத்தது இன்னொரு குற்றம். விசாரணை முடிந்தால் வேலையே போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் ஃபோனில் அந்தப் பையன் கடைசியாகச் சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் கேட்டேன்.

"கதவ மூடிட்டாங்கக்கா. நான் உள்ள இருக்கேன்."

தனியாக ஒரு காபி

ஜமீலா அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், கடிகாரம் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சம்பள உயர்வு என்று எழுதிக் கொடுத்தோம். விக்ரம் சாரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. பதினொரு மணிக்குக் காபிக்கு வாங்க, மனம் விட்டுப் பேசலாம் என்று.

நான் அறுப்புக் கூலிக்குப் போனவர்கள் வீட்டில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் கூலி பேசப் பண்ணை வீட்டுக்கு யாரும் தனியாகப் போக மாட்டார்கள். தனியாகப் போனவள் என்ன பேசினாள் என்று ஊர் கேட்கும், என்ன வாங்கினாள் என்றும் கேட்கும். நான் யாரையும் கூப்பிடவில்லை. மெயில் வந்த விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு நான் எழுந்தபோது, ஓய்வு நேரத்தில் இருந்த பத்தொன்பது பேரும் எழுந்தார்கள். அந்த அறையில் இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை. விக்ரம் சார் முகம் சுண்டிப்போய், "நான் தமிழரசிய மட்டும்தானே கூப்பிட்டேன்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து எங்கள் சங்கத்து சுரேஷ் பதில் சொன்னான்.

"அவங்கதான் சார் வந்திருக்காங்க. நாங்க சும்மா கூட வந்திருக்கோம்."

தட்டு

முறைப்படி பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. விக்ரம் சார் அதை மனப்பாடம் செய்துவிட்டார் போலிருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும் கும்பகோணம் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஒருவர் தாம்பூலத்தை நீட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. வாங்கிவிட்டேன். பளிச்சென்று யாரோ படம் எடுத்தார்கள்.

பேச்சு இரண்டு மணி நேரம் நடந்தது. சம்பளம் ஏற்றுகிறோம், வேன் விடுகிறோம், ஜமீலா விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்கள். சுரேஷ் தலை குனிந்துகொண்டான். அவன் மனைவிக்கு அது எட்டாம் மாதம். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

ஆனால் நாங்கள் நாற்காலிக்கு வருவதற்குள் கம்பெனி குரூப்பில் படம் வந்துவிட்டது. நானும் விக்ரம் சாரும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம், கீழே 'தஞ்சை மையத்தில் சுமுகமான பேச்சுவார்த்தை' என்று ஒரு வரி. சென்னையில் அது வெறும் படம். எங்கள் பக்கத்தில் இரண்டு தரப்பு நின்று தட்டு மாற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டியதுதான். என்னோடு உள்ளே இருந்த நாலு பேர் எடுத்துச் சொல்லியும், ஜமீலா அக்காவை விற்றுவிட்டுத் தாம்பூலம் வாங்கிக்கொண்டேன் என்றே மற்ற அத்தனை பேரும் நினைத்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஜமீலா அக்காவே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, அதுதான் என்னை அறுத்தது.

"தட்டு வாங்கிட்டியாமே அரசி. பேசி முடிச்சாச்சா?"

திருப்பிக் கொடுத்தது

விடிந்ததும் தட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனேன். வெற்றிலை லேசாக வாடியிருந்தது, ஒரு பாக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை. வாங்கிய தட்டைத் திருப்புவது எங்கள் வீடுகளில் லேசான காரியம் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு குடும்பம் எதிரெதிர்த் தெருவில் நடக்கும். வாசலிலேயே என் கையில் இருப்பதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் வந்தார்கள்.

விக்ரம் சார் மேஜைமேல் தட்டை வைத்தேன். பித்தளை ணங்கென்று சத்தம் போட்டது. "பிடிக்கலையா? வேற பழம் வாங்கச் சொல்லவா?" என்று நிஜமாகவே கேட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவருகே நின்ற செக்யூரிட்டி கோவிந்தராஜ், வல்லத்துக்காரர், பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"சார், சம்பந்தம் வேணாங்கிறாங்க சார்."

மழை நாள்

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. திருச்சியில் இறங்க வேண்டிய விமானங்கள் இறங்கவில்லை, சென்னையிலிருந்து கிளம்ப வேண்டியவை கிளம்பவில்லை. ஃபோன்கள் வந்து குவிந்தன. விசாரணை முடிவு இரண்டு நாளில் வர வேண்டும். "இன்னைக்கு எழுந்து வெளிய போனா நாளைக்கே அக்காவக் கூப்பிட்டுருவாங்க" என்று சுரேஷ் என் காதில் சொன்னான். அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பக்கம் காத்திருக்கிறவர்கள் யார்? முத்துப்பேட்டை, தரங்கம்பாடி, கீழ்வேளூர். எங்கள் சண்டைக்கு அவர்களை நடுரோட்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. எழுந்திருக்க வேண்டாம், ஆனால் இன்றைக்கு யாரும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். அரை மணி நேரத்தில் தளம் முழுக்கச் சிவப்பு.

ஆள் போதவில்லை. விக்ரம் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காலியாக இருந்த ஜமீலா அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினார். முதல் ஃபோனில் ஓர் அம்மா. மகன் ஏறினானா இல்லையா என்று தெரிய வேண்டும், மகன் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நாலு நிமிஷம் ஆனது. அவர் துண்டிக்கவில்லை. பத்து ஆனது. டையைத் தளர்த்திக்கொண்டார். பத்தொன்பதாவது நிமிஷத்தில் பையன் சென்னையிலேயே பத்திரமாக இருக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா சொன்ன பதில் ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்டது.

"நல்லாருப்பா. நீ வேலைக்குப் புதுசுபோல. அடுத்த தடவ அந்த ஜமீலாகிட்ட குடு, அது வெரசா சொல்லிப்புடும்."

வெற்றிலை

இரண்டு நாள் கழித்து உத்தரவு வந்தது. ஜமீலா அக்காவை எடுத்துக்கொள்கிறார்கள், எச்சரிக்கைக் கடிதத்தோடு. கடிகாரம் போகவில்லை, நாலு நிமிஷம் ஏழாகியிருக்கிறது. சம்பள உயர்வு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. சுரேஷ் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

அக்கா வந்த காலையில் விக்ரம் சார் அதே பித்தளைத் தட்டோடு வாசலில் நின்றார். புது வெற்றிலை. கோவிந்தராஜிடம் பாடம் கேட்டிருப்பார் போல, "இப்ப குடுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். படம் எடுக்க யாரும் இல்லை. அக்கா தட்டுக்குக் கையை நீட்டவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உத்தரவை வாங்கி, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை நின்ற இடத்திலேயே படித்தார். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரே ஒரு வெற்றிலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல பேப்பர், அப்புறம் வெத்தல. செயலாளரம்மா, இதக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்க."

ஆறு வருடத்தில் எத்தனையோ பேரை ஃபோனிலேயே விமானம் ஏற்றிவிட்ட எங்களுக்கு, ஒரே ஒருத்தியை அவள் நாற்காலியில் மறுபடி உட்காரவைக்க இருபத்துமூன்று நாளும், ஒரு தட்டும், ஒரு பெருமழையும் வேண்டியிருந்தது.