வாசற்படியில் நின்ற எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, நம் ஊர் பேசத் தயங்கும் ஒரு மாலைப்பொழுதையும் எழுதியாக வேண்டும் என்று தங்கையாகிய எனக்குத் தோன்றுகிறது.

ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் அணையை ஒட்டிய நம் ஊரில் அக்கா பிறந்தபோது குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. நைனாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்தே அரசு பட்டா கொடுத்தது. அந்த மண்ணில் முதல் நாற்றை நட்டவர் அக்கா. “எல்லாருக்கும் ஒரே சட்டம்னு எழுதி வச்சதாலதான் நமக்கு இந்த நெலம். அத மறந்துடாத” என்பார்.

திருமணமான சில ஆண்டுகளிலேயே மாமாவை இழந்தார். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்த ஒடிசா இளைஞர்கள் மூவரை எங்கள் வீட்டின் பின்னறையில் குடிவைத்தார். அவர்கள் அரைகுறைத் தெலுங்கில் பேசுவார்கள். அக்கா தமிழிலேயே பதில் சொல்வார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் புரிந்துவிடும்.

அந்தக் கோடையில் எல்லார் போனிலும் ஒரு செய்தி பரவியது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளைக் கடத்துகிறார்களாம். யார் அனுப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவில் பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. அந்த மூவரும் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அவர்களை அனுப்பிவிடும்படி உறவினர்களே சொன்னார்கள். அக்கா அனுப்பவில்லை. ஆனால் பின்கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டார்.

ஒரு ஞாயிறு மாலை தெருவே எங்கள் வாசலுக்கு வந்தது. அணைத் தண்ணீருக்காகக்கூட ஒன்றுசேராத தமிழரும் தெலுங்கரும் அன்று ஒன்றாக வந்திருந்தார்கள். கைகளில் கட்டைகள். நான் மூவரையும் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். அக்கா வாசற்படியில் இறங்கி நின்றார்.

“தள்ளுக்கா. புள்ள புடிக்கிறவங்கள வூட்ல வச்சிக்கினு கீற.”

“எந்தப் புள்ளடா காணோம்? யாரு வூட்டுப் புள்ள? பேரச் சொல்லு.”

முன்னால் நின்றவன் தன் போனை நீட்டினான்.

“போன்ல வந்துகீதுக்கா.”

“போன்ல வந்தா கட்டையத் தூக்கிக்கினு வந்துடுவியா? உன் தம்பி புனேல வேலை செஞ்சிக்கினு கீறான். அவன் பாஷை அங்க யாருக்குத் தெரியும்? நாளைக்கு அவன் வாசல்ல இப்டி வந்து நின்னா?”

அப்போது பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அக்காவின் புருவம் கிழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாரே தவிர, நகரவில்லை. எதிர்வீட்டுத் தெலுங்கம்மா, இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். என் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள், நீங்களும் போய் உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள் என்று தெலுங்கில் சத்தம் போட்டார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போலீஸ் ஜீப் அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வாரமே மூவரும் ரேணிகுண்டாவில் ரயிலேறிவிட்டார்கள். ஊரில் பலர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். பகலிலும் கதவைத் தாழிட்டுக்கொண்டார். தெருவில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவார். பயமா என்று கேட்டேன். “பயம்தான். பக்கத்து வூட்டுக்காரங்களுக்கே பயப்படறமாதிரி ஆயிப்போச்சே” என்றார்.

ஆனாலும் சுதந்திர தினத்தன்று பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போனார். அருகில் நின்றவர்கள் விலகினார்கள். போய்விடலாம் என்றேன். “கொடி அவங்களுக்கு மட்டுமா? எனக்கும்தான். நில்லு” என்றார்.

அடுத்த ஆண்டு இதயநோய் வந்தது. திருப்பதி மருத்துவமனையில், பேச்சு குறைந்த நாட்களிலும், “ஒடிசாப் பசங்க போன் பண்ணாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத அவரை நாங்கள் சுற்றி நின்றிருந்தபோது அமைதியாக அடங்கினார்.

கடைசி வரை உடனிருந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், அவசரத்துக்கு ஆட்டோ ஓட்டி வந்த அவர் கணவருக்கும், ஒடிசாவிலிருந்து காரியத்துக்கு வந்து சேர்ந்த மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கட்டையோடு வந்தவர்களில் சிலர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

இந்த வாரம் போன்களில் மறுபடியும் ஒரு செய்தி சுற்றுகிறது. இம்முறை வேறு ஊர்க்காரர்கள், வேறு பழி. மளிகைக் கடையில் மீண்டும் பேச்சு நின்றுபோவதை நானே பார்த்தேன். அப்படி ஒரு மாலை வந்தால் நானும் எதிர்வீட்டு அம்மாவும் இறங்கி நிற்பதென்று பேசி வைத்திருக்கிறோம். இருவர் போதாது. இதை வாசிக்கும் நீங்களும் வந்து நில்லுங்கள்.