மாமா நிற்பாரா

எங்கள் பள்ளிக்கூடமான மகளிர் கல்லூரி கூடைப்பந்தில் கிண்ணம் வென்ற வருடம், எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில் அம்மாவைக் கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“தம்பி நிப்பாரோ, இல்லாட்டிப் போயிடுவாரோ?”

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த அணியின் பயிற்சியாளர். அவர் வருவதற்கு முன் எல்லோரிடமும் தோற்றுப் பெயரெடுத்த அணி அது. லண்டனிலிருந்த பெரிய மாமா அவரைக் கூப்பிட்டபடியே இருந்தார். கொஞ்சம் கெட்டிக்காரர்களாக இருந்த எல்லோரும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆகவே கிண்ணம் வென்ற ஒருவர் போகாமல் இருப்பார் என்று ஊர் நம்பவில்லை.

எனக்குப் பத்து வயது. எட்டாம் வகுப்புக்கு வந்ததும் அணியில் சேர்ப்பதாக மாமா சொல்லியிருந்தார். பின்னேரங்களில் அவருடைய சைக்கிளில் ஏறிப் பயிற்சி பார்க்கப் போவேன். புதுப் பந்து வாங்க வழியில்லை, சண்டையால் பாதை மூடி, கொழும்பிலிருந்து எதுவும் வருவதில்லை. பழைய பந்துக்கு சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார். அது ஒரு பக்கமாகத்தான் துள்ளும். அந்தப் பந்தில் பழகியவர்களுக்கு எந்தப் பந்தும் சுகம் என்பார்.

அணித்தலைவி குருநகர் அக்கா. அவருடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். தாய் ஒருநாள் ஓலைப்பையில் நண்டு கொண்டுவந்து எங்கள் வாசலில் நின்றார்.

“மாஸ்டர், நீங்கள் போனால் என்ரை பிள்ளை பள்ளிக்கூடத்தையும் விட்டிடும். அதுக்கு உந்தப் பந்துதான் எல்லாம்.”

“நான் நிப்பன், அம்மா. இவையள் பள்ளிக்கூடச் சோதினை எடுத்து முடியுமட்டும் நிப்பன்” என்றார் மாமா. அம்மா நண்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். தம்பி தப்பிப் போகட்டும் என்றிருந்தவருக்கு அன்று நண்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சண்டைக்குப் போகும் இயக்கத்து அக்காமார் இரண்டு பேர் பயிற்சி பார்க்க வரத் தொடங்கினார்கள். பின்னலை மடித்துக் கட்டியிருந்தார்கள். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, பந்து வளையத்துக்குள் விழும்போதெல்லாம் கை தட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. அதுவரை எங்களுக்குப் பார்வையாளர் என்று இருந்தது நானும் காவலாளியும்தான். ஒருத்தி குருநகர் அக்காவைக் கூப்பிட்டு, “நல்லா ஓடுறியள் தங்கச்சி. களைக்கிறேல்லையோ?” என்று கேட்டாள். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மாமா விசில் ஊதினார். வெயில் தாழ இன்னும் நேரம் இருந்தது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் இனிப் பயிற்சி இல்லை என்று அறிவித்தார். தான் லண்டனுக்குப் போவதாகவும் சொன்னார். அதிபரம்மா வீட்டுக்கே வந்து கெஞ்சினார். மாமா தலையைக் குனிந்துகொண்டு “போறன்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கிண்ணம் கிடைத்ததும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். வாக்கு மாறியவர் என்றார்கள். நானும் அவரோடு கதைப்பதை நிறுத்தினேன்.

அந்த மாதமே, ஞாயிறு பூசைக்குப் போன குருநகர் அக்கா வீடு திரும்பவில்லை.

தாய் வந்தார். இந்தமுறை கையில் ஒன்றும் இல்லை.

“ஓடப் பழக்கினது நீங்கள்தானே, மாஸ்டர்.”

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிப் போனார். அன்றிலிருந்து அதுவே அவருடைய வேலையானது. இயக்கத்தின் ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் இருவரும் நிற்பார்கள். “பிள்ளை சுகமாய் இருக்கிறா, போங்கோ” என்று அனுப்பிவிடுவார்கள். லண்டன் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் வந்து பார்த்து, கோபித்துக்கொண்டு போனார். அம்மா அழுதும் பார்த்தார், பட்டினி கிடந்தும் பார்த்தார்.

மாரி முடியும் முன் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். அந்தத் தாய் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவித் தடவி, எது தலைமாடு என்று கேட்டார். கொண்டுவந்த பையன்களுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு மாமா நிற்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவையும் என்னையும் கொழும்பில் வேலையிலிருந்த அப்பாவிடம் அனுப்பும் ஏற்பாட்டை மாமாவே அவசரமாகச் செய்தார். கிளாலிக் கரையில் படகுக்காகப் பொழுதுபடக் காத்திருந்தோம். அவரும் வரக்கூடாதா என்று அம்மா கடைசியாக ஒருமுறை கேட்டார்.

“அந்த மனிசி தனிய, அக்கா. விடிஞ்சால் முகாமுக்குப் போகவேணுமெண்டு வெளிக்கிட்டு வந்து நிக்கிறா. பிள்ளை செத்தது இன்னும் விளங்கேல்லை.”

எனக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை. அணியும் இல்லை, பந்தும் இல்லை, பிறகு யாருக்காக நிற்கிறார் என்று கோபம் வந்தது. அவர் என் முன்னால் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார்.

“அங்கை போய் ஆசை தீர ஓடு, பிள்ளை. வேலியிலை ஒருத்தரும் வந்து பாத்துக்கொண்டு நிக்கமாட்டினம்.”

மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள் அப்போதுதான் அவரிடம் வாய் திறந்தேன்.

“ஒருத்தரும் பாக்காட்டி, பிறகேன் மாமா விளையாடவேணும்?”

அவர் மற்றச் சப்பாத்தின் நாடாவையும் அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினார். சரியான கேள்வி கேட்டு அவரை மடக்கிவிட்டேன் என்ற திருப்தியோடு நான் படகில் ஏறினேன்.