பச்சையாகவே காட்டிய நோன்பு

ஷரிபுதீன் காக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கல்முனைக்குடி நெல் ஆலையில் காலமெல்லாம் உமித்தூசியும் பீடிப் புகையும் குடித்தவர். இல்லாத ஈரத்தை இருப்பதாகச் சொல்லி நெல்லின் விலையைக் குறைக்கத் தெரியாமல் முதலாளியிடம் ஏச்சு வாங்கியவர். அப்படிப்பட்ட மனிதர் போயும் போயும் ஒரு போனிடம் பொய் சொன்னார் என்றால் யார் நம்புவார்?

சுவாசப்பை நோய் முற்றியதும் கிளினிக்கில் அவருடைய போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையில் மூச்சு எப்படி என்று அது கேட்கும். சுகம் என்றால் பச்சை, இழுப்பு கூடினால் மஞ்சள், தாங்க முடியாவிட்டால் சிவப்பு. பச்சை தவிர எதைத் தொட்டாலும் தாதி பஹ்மிதா உடனே அழைப்பாள். மூச்சிழுக்கும் மருந்துப் பம்பை அடிக்கச் சொல்வாள், தேவையென்றால் வரச் சொல்வாள். அந்தத் தயவில்தான் காக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலை மறந்திருந்தார்.

நோன்பு மாதம் வந்தது. "இழுத்தா பகல்லயும் பம்ப அடிங்க வாப்பா. விட்ட நோன்பப் பிறகு புடிச்சிக் களாச் செய்யலாம்" என்று பஹ்மிதா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பம்ப் அடித்தால் நோன்பு முறிந்துவிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நோன்பு விடாதவருக்கு மனம் கேட்கவில்லை. இழுப்போடு விடிந்த ஒரு காலை, மஞ்சளுக்குப் போன விரலைத் திருப்பிப் பச்சையைத் தொட்டார். நோன்பு வாயால் பொய் சொல்லக்கூடாது. விரலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று தன்னைச் சமாளித்துக்கொண்டார். பிறகு தினமும் பச்சைதான்.

அதோடு நின்றிருந்தால் அது அவர் பாடு. ஜவுபர் அதே ஆலையில் மூட்டை தூக்கியவர். அதே நோய், அதே செயலி. அவர் உள்ளதைச் சொல்லி, பஹ்மிதாவின் பேச்சைக் கேட்டு நோன்பை விட்டிருந்தார். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் காக்கா தன் போனை நீட்டினார். செயலியில் நோன்பு நாளெல்லாம் மேலிருந்து கீழ்வரை பச்சை.

"மனசு வெச்சா புடிக்கலாம் ஜவுபர்."

மறுநாளே ஜவுபரும் நோன்பு பிடித்தார், பச்சையைத் தொட்டார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்த இடத்தில் மூச்சடைத்து விழுந்தார்.

வார்ட்டில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தவரைப் பார்க்கக் காக்கா நோன்போடு போனார். ஜவுபர் இவரிடம் மன்னிப்புக் கேட்பவர் போலக் கதைத்தார்.

"என்ட நெஞ்சு உங்கட மாதிரி இல்ல காக்கா. துண்டு வெட்டி வீட்ட அனுப்பினதும் மிச்ச நோன்பயாவது புடிச்சிரணும்."

இந்த மனிதன் மையித்தாகிவிடுவான், கொன்றவன் நானாக இருப்பேன் என்று காக்கா பயந்தார். நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்தது. மடியிலிருந்து பம்பை எடுத்தார். ஜவுபர் பார்க்கப் பார்க்க வாயில் வைத்து அழுத்தி, ஆழமாக இழுத்தார்.

"எனக்கும் ஏலாமத்தான் கிடந்த, ஜவுபர். அந்தப் பச்சையெல்லாம் நான் போட்ட பொய்."

ஜவுபர் அவர் பக்கம் திரும்பினார்.

"சரி, நோன்புக்காகப் போட்டீங்க. எனக்கு ஏன் கொண்டு வந்து காட்டினீங்க?"

காக்கா போனை எடுத்துச் சிவப்பைத் தொட்டார். பஹ்மிதாவின் அழைப்பு வந்தபோதும் ஜவுபர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.