ஆரணிச் சாயப்பட்டறையில் ஒரு விமானி வாட்ச்

ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் போனது 1982 தை மாதம், என் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க. வேலூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். பஸ் ஒன்றரை மணி நேரம் உருட்டியது. பக்கத்தில் அம்மா, அவள் மடியில் பூவும் பழமும்.

பெண் வீட்டார் அந்த ஊரில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். வருங்கால மாமனார் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். பட்டறைக்குள் நுழைந்ததும் என் கண் ஆணியில் தொங்கிய வாட்சில் ஒட்டிக்கொண்டது. கறுப்பு முகம், பெரிய வெள்ளை எண்கள், சுற்றிலும் திருகும் வளையம். அடடா, விமானி வாட்ச்!

எனக்கு வாட்ச் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். பறக்கிறவன் சட்டைப்பையில் கைவிட்டுக் கடிகாரத்தைத் தேட முடியுமா? அதனால்தான் அது மணிக்கட்டுக்கு ஏறியது. கையுறையோடு சாவி கொடுக்கப் பெரிய திருகு. இருட்டில் பார்க்க ஒளிரும் முள். புறப்பட்ட நிமிடத்தைக் குறித்துவைக்க அந்த வளையம். ஆரணியில் அந்த வளையம், நூல் தொட்டியில் முங்கிய நிமிடத்தைக் குறித்தது. பட்டையெல்லாம் அரக்குச் சிவப்பு.

"இன்னாங்க மாப்ள, அதையே பாத்துகினு இருக்கீங்க?" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வாட்ச் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் பொன்னிறத்தில் புதுசு வாங்கி வைத்திருந்தார். எனக்கோ இதுதான் வேண்டும். பழசைப் போட்டால் அவரை ஊர் ஏசும். கேட்காமல் போனால் எனக்கு மனசு ஆறாது. மென்று விழுங்கிக் கேட்டே விட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அவர் நெளிந்தார். "பழசுங்க, சாயக்கறை வேற. சரி, உங்க ஆசைக்கு மேல இன்னா இருக்குது? எடுத்துக்கோங்க."

அவர் கை ஆணிக்குப் போவதற்குள், எனக்கு நிச்சயித்த கலாவதி முழங்கை வரை சிவந்த கையோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"அப்பா, அத்த நீ எப்டி குடுப்ப? அத்த வச்சி சாயம் போட்றது நானு. அது என்னுது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு டைம் தெரியணும்னா என்னைக் கேளுங்க, சொல்றேன்."

அம்மா சிரித்த சிரிப்பு பட்டறைக்கே கேட்டது. "இவனுக்கு இவதான் சரி!"

பட்டு எடுக்கப் போகிறவர்கள் வெயில் இருக்கும்போதே போங்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து நிறம் பாருங்கள். கடை விளக்கை நம்பாதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குப் போட்ட பொன்னிற வாட்ச் என்றைக்கோ நின்றுவிட்டது. விமானி வாட்ச் கலாவதி கையில் ஓடுகிறது. சுவரில் கடிகாரம் இருக்கிறது. நான் இன்னும் அவளிடம்தான் மணி கேட்கிறேன்.