டூலி வீட்டு மாடம்

இடிந்த சுவர் ஒன்றைக் கண்டால் நொயலுக்குச் சாப்பாடு மறந்துவிடும். கிழமை நாட்களில் டார்னெய்ட் புறநகர்ப் பக்கம் பஸ் ஓட்டுவார். சனிக்கிழமை விடிந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு, ஐரிஷ்காரர் ஒரு காலத்தில் குடியேறிய புல்வெளிகளுக்குப் போய்விடுவார்.

மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த புதிதில் ஒரு பண்ணையில் வேலிக்குக் கல் அடுக்கும் வேலை கிடைத்தது. பண்ணைக்காரர் ஐரிஷ் வழிவந்தவர். சாவுக்கு முன் வீட்டைச் சுற்றி அழும் பெண்ணைப் பற்றியும் வெட்டக்கூடாத முள்மரத்தைப் பற்றியும் அவர் சொல்லச் சொல்ல, இது எங்கள் ஊர்க் கதையல்லவா என்றிருந்தது நொயலுக்கு. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. பாழடைந்த வீடுகளின் படங்களையும் கதைகளையும் தன் இணையத்தளத்தில் சேர்த்து வருகிறார்.

“ஊரில உள்ள சுவருக்கெல்லாம் படம் எடுத்திட்டார். எங்கட வீட்டுச் சுவருக்கு இன்னும் பெயின்ற் அடிக்கேல்லை” என்று அவர் மனைவி பேர்ள் ஞாயிறு பூசை முடிந்து காண்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன வருடம், புது வீடுகள் எழும்பவிருந்த காணி ஒன்றில் ஒற்றைக் கருங்கல் சுவரைக் கண்டார். நடுவில் அடுப்பு. அதன் பக்கத்தில் சுவருக்குள் குடைந்த ஒரு சின்ன மாடம். மன்னாரில் அவர் வீட்டில் அதே அளவு மாடத்தில்தான் அந்தோனியார் நின்றார். யோசிக்கவேயில்லை. ‘குடியேறியவர்கள் கூடிச் செபித்த வீடு’ என்று தளத்தில் எழுதிவிட்டார்.

செய்தி பரவியது. யாரோ பூ வைத்தார்கள், மெழுகுதிரி கொளுத்தினார்கள். சுவரைச் சுற்றி வேலி போட்டுக் காப்பதாக வீடு கட்டும் கம்பனி ஒத்துக்கொண்டது. நொயல் பதிவு செய்த சுவர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. தப்பப்போவது இது ஒன்றுதான்.

அப்போதுதான் எய்லீன் டூலி தொலைபேசியில் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர். அந்த வீட்டில்தான் பிறந்தாராம். நொயல் அவரைக் காரில் கூட்டிப் போனார். வயதானவர் உட்காரட்டும் என்று தன் குசினியின் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றையும் ஏற்றிக்கொண்டார்.

“அங்கே இல்லை. இன்னும் அடுப்புக்குக் கிட்ட” என்றார் எய்லீன். உட்கார்ந்ததும், திரும்பிப் பாராமலே இடது கையை நீட்டினார். விரல்கள் நேரே மாடத்துக்குள் போயின.

“அப்பாவின் புகையிலை. எழும்பவே தேவையில்லை. அடுப்புச் சூட்டில் ஈரமும் பிடிக்காது.”

“மாதா சொரூபம் வைக்கவில்லையா?”

“அப்பா துப்புகிற இடத்திலா? அம்மா கொன்றிருப்பார்!” மெழுகுதிரித் துண்டுகளைப் பார்த்த எய்லீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “பாவம் அப்பா. உயிரோடிருந்தபோது ஒருவரும் ஒரு பூக்கூடக் கொடுக்கவில்லை.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் பேர்ள், “பேசாம விடுங்கோ. அந்த மனுசி ஆருக்குச் சொல்லப் போறா? சுவர் நிக்கட்டும்” என்றார்.

“பொய்யிலயெல்லோ நிக்கும்.”

“சுவருக்கென்ன பொய்யும் மெய்யும்?”

நொயல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, “மற்றச் சுவரெல்லாம் விழுந்திட்டுது. இப்ப நான் எழுதினது மட்டும்தான் இருக்கு. இதில பொய்யெண்டா மற்றதையெல்லாம் ஆர் நம்புவினம்?” என்றார்.

அன்றே தளத்தில் திருத்தினார். கம்பனிக்கும் எழுதினார். பூ வைத்தவர்களில் சிலர் திட்டி எழுதினார்கள். கம்பனி நன்றி சொல்லி, இனி வேலி தேவைப்படாது என்றது. சுவர் நிற்கும்போதே எய்லீனை இன்னொருமுறை கூட்டிப் போய், அந்தக் கை நீட்டலை வீடியோ எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் அங்கே தெரு போட்டுவிட்டார்கள்.

வீடியோவைப் பேர்ளும் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பவும் போடச் சொன்னார்.

“என்ர குசினிக் கதிரையெல்லோ இது? நான் வீடெல்லாம் தேடுறன். எங்க அது?”

“காருக்குள்ள. இருக்கட்டும் விடு, சனிக்கிழமை வேற ஒரு சுவர் இருக்கு.”