கம்பெனி வீட்டில் பால் காய்ச்சலாமா?

1. பார்டர் தாண்டிய பில்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் கம்பெனி கார் உதிரி பாகங்கள் செய்கிறது. வெளியூரிலிருந்து வேலையாக வருகிறவர்களுக்கு ரூம் போடுவது, வண்டி அனுப்புவதெல்லாம் என் பொறுப்பு. ஒருநாள் ஆடிட்டர் அம்மா, ஹோட்டல் பில்களில், பார்டர் தாண்டினால் வரும் அத்திப்பள்ளி பில்களை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"இதுல கட்டின ஜி.எஸ்.டி.யை நாம கட்டவேண்டிய வரியில கழிச்சுக்க முடியாது முனிராஜ். ரூம் கர்நாடகாவுல இருக்கு, நம்ம ரிஜிஸ்ட்ரேஷன் தமிழ்நாட்டுல."

"பார்டர் இதோ பக்கத்துலதானே மேடம் இருக்குது?"

"பக்கமா தூரமான்னு யாரும் பாக்கமாட்டாங்க. ரூம் எந்த ஸ்டேட்டுல இருக்குன்னுதான் பாப்பாங்க."

பிள்ளைகளே, பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு இது பெரிய ஆச்சரியம். தங்குகிற ஆள் எந்த ஊரோ, வரியும் அந்த ஊருக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தேன். ரூம் புதிதாக இருக்கிறதே, பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு வசதியாக இருக்குமே என்று அங்கே போட்டவன் நான்தான்.

2. யார் பேரில்?

எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். வாராவாரம் ஓசூர் வந்து தங்குவார். விஷயத்தைக் கேட்டதும், "ஏப்பா முனிராஜு, வாறவங்க தங்கறதுக்கு இங்க மத்திகிரிப் பக்கமே ஒரு ஃப்ளாட் வாங்கிப்போட்டா என்ன?" என்றார். இரண்டு மூன்று இடம் காட்டினேன். ஒன்று பிடித்துப்போனது.

அவருடைய சம்சாரத்துக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. அவர்கள் மகள் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். "புள்ள ஹாஸ்டல் சோத்தத் தின்னு துரும்பா எளச்சுட்டா. இங்கிருந்தே வேலைக்குப் போயிட்டு வரட்டும்" என்று அந்தம்மா பால் காய்ச்ச நாளும் பார்த்துவிட்டார். அடுப்பு எந்தத் திசையில் வர வேண்டும் என்று என்னிடம்தான் சொன்னார்.

பத்திரத்துக்கு முன்னால் ஆடிட்டர் அம்மா ஃப்ளாட்டைப் பார்க்க வந்தார்.

"பத்திரம் கம்பெனி பேர்லதானுங்க மேடம்," என்றார் முதலாளி. "செலவு எழுதிக்கலாமில்லீங்க?"

"எழுதலாம் சார். கரண்ட், மெயின்டனன்ஸ் எல்லாம் கம்பெனி செலவு. வருஷாவருஷம் தேய்மானமும் கழிச்சுக்கலாம். ஆனா விக்கும்போது, கழிச்சதுக்கும் சேர்த்து வரி வரும். சரி, இங்க யார் தங்கப்போறாங்க?"

முதலாளியின் சம்சாரம் முந்திக்கொண்டார். "எம் புள்ளதானுங்க. வர்ற வெள்ளிக்கிழம பால் காய்ச்சறோம், நீங்களும் வந்துருங்க."

ஆடிட்டர் அம்மா சிரித்துவிட்டார். "கம்பெனி எங்கயாச்சும் பால் காய்ச்சுமாங்க?"

அந்தம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "அப்ப எம் புள்ள எங்கீங்க இருப்பா?"

எனக்கும் சங்கடம்தான்.

ஆடிட்டர் அம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். எங்களுடையது பிரைவேட் லிமிடெட். சட்டப்படி கம்பெனி ஒரு தனி ஆள், முதலாளி வேறு ஆள். கம்பெனி வீட்டில் குடும்பம் குடியிருந்தால், அந்தச் செலவைத் தொழில் செலவு என்று வரி அதிகாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி முதலாளிக்குச் செய்த சலுகை என்று அவர் கணக்கில் ஏற்றி, வரி கேட்பார்கள். முதலாளியே வாங்கிக் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் அந்த வாடகை அவருக்கு வருமானம், அதற்கும் வரி உண்டு. அப்போதும் மகள் அங்கே குடியிருக்க முடியாது.

"இது கெஸ்ட் ஹவுஸா, வீடான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க சார். ரெண்டும்னு மட்டும் சொல்லாதீங்க."

முதலாளி சம்சாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எம் பேர்லயே எழுதுங்க. எங் கைக்காசு, எம் புள்ளைக்கு வீடு. முனிராஜு, கெஸ்டுகளுக்கு வேற எடம் வாடகைக்குப் பாரு. பார்டருக்கு இந்தப் பக்கமா பாருப்பா!" என்றார்.

3. வெள்ளிக்கிழமை

பால் பொங்கியது. மகள்தான் எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

"இனி நான் ஓசூர் வந்தா தங்க எடமாச்சு," என்றார் முதலாளி.

மகள் விடவில்லை. "அப்பாவா வந்தா சோறும் உண்டு, பாயும் உண்டு. எம்.டி.யா வந்தா லாட்ஜுக்குப் போயிருங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆடிட்டர் அம்மா மட்டும், "நான் அரை நாள் பேசினத ஒரே வரியில சொல்லிட்டா" என்றார்.

நாளைக்கு நீங்களும் ஏதாவது வாங்குவீர்கள். வரி எவ்வளவு மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்ல வருவார்கள். அதற்கு முன்னால், அந்த வாசலுக்குள் யார் என்னவாக நுழையப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.