தம்பி வாசலில் நிறுத்திய பசு

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது ஐந்து. அதற்கும் முன்னே, தாயில்லாத தம்பியை வளர்த்தேன். அவருடைய நினைவு மலருக்கு மூத்தவள் நான் எழுதும்படி ஆயிற்று. நான் சொல்லச் சொல்ல, மூத்த மகள் வழிப் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி பிறந்தது திருநெல்வேலிச் சீமையில். நான் வாழ்க்கைப்பட்டு ஆரியசாலைக்கு வந்தபோது கூடவே வந்தார். பால் வியாபாரம் செய்தார். வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் துரையிடம் சீமைக் கலப்புப் பசு இரண்டு வாங்கி, நாட்டு மாடுகளோடு ஒரே தொழுவத்தில் கட்டினார். இரண்டும் காய்ச்சல் கண்டு, மூத்திரம் ரத்தமாகப் போய்ச் செத்தன. நாட்டு மாட்டு உண்ணி ஏறியதால் வந்த நோய் என்றார் மாட்டு வைத்தியர். அதன்பின் தம்பி தினமும் ஒவ்வொரு மாட்டையும் காது, மடி, அடிவால் என்று தடவி உண்ணி பிடுங்குவார். மண்ணெண்ணெய் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையில் போடுவார். புகையிலைத் தண்ணீரால் கழுவுவார். மறுபடி வாங்கிய கலப்புப் பசுக்கள் பிழைத்தன. புது மாடு வந்தால், உண்ணி போகும்வரை தூரத்தில்தான் கட்டுவார்.

என் மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். நாகர்கோவில் சம்பந்தி வீட்டார் தாய்க்கும் பிள்ளைக்கும் பாலுக்கென்று ஒரு நாட்டுப் பசுவுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். தெருவே கூடி நின்றது. நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். தம்பி வந்து வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"உண்ணி மொய்க்கு. இது தொழுவத்துக்குள்ள வரப்படாது."

"எங்க வீட்டு மாடு ஒங்களுக்குத் தீட்டோ?" என்றார் சம்பந்தி.

தம்பி தெருவிலேயே குந்தி உண்ணி பிடுங்கத் தொடங்கினார். "பொண்ணுக்கு மாமன் மாட்டுக்குப் பேன் பாக்கான்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆரத்தித் தட்டை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் பசுவைத் திருப்பி ஓட்டிப் போனார்கள்.

மகளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. கைக்குழந்தையோடு ஏன் இன்னும் இருக்கிறாள் என்று தெருவில் கேட்டால், உடம்பு சரியில்லை என்று மழுப்பினேன். கடைசியில் தம்பியே போய்க் கைகூப்பினார். "மனுஷரை வாசல்ல நிறுத்தினது பிழை. மாட்டை நிறுத்தினது பிழையில்லை" என்றாராம். இரண்டாவது பேச்சை விழுங்கியிருக்கலாம். எப்படியோ மகளை அழைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பசுவோ சாகும்வரை ஒரு நோயும் கண்டதில்லை. நாட்டு மாடு தாங்கும், கலப்பு தாங்காது என்று தம்பி சொன்னதை யார் கேட்டார்கள்? விசேஷந்தோறும் அந்தப் பசுவின் பேச்சை எடுப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

தம்பி நெஞ்சுவலியில் போனபோது, பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் அந்தச் சம்பந்தி. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சம்பந்தியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்:

"நாங்களும் இப்பம் கலப்புப் பசுதான் வச்சிருக்கோம், மைனி. புது மாடு வந்தா தனியேதான் கட்டுவோம், உண்ணி பாத்து. ஒங்க தம்பிகிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு. புஸ்தகத்துல எழுதிப் போடுங்க."

எழுதியாயிற்று. தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் என் கும்பிடு.

பேத்தி, இதை முதலிலிருந்து வாசி. சம்பந்தியம்மாள் சொன்னது வரும்போது சத்தமாக வாசி. உன் அம்மை அடுக்களையில் இருக்கிறாள், அவளுக்குக் கேட்கட்டும்.